2 மணி நேரம்... ஒரு காலி எக்செல் ஷீட்... ஒரு வேலை!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பியபோது இரவு மணி பத்தரை. என் அறைத்தோழி லைட்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே லேப்டாப், அதில் திறந்தபடி ஓர் எக்செல் ஷீட்.

"டெஸ்ட் என்னடி ஆச்சு?"

"எல்லாமே தெரிஞ்சதுதான்டி. ஒண்ணுகூடப் புதுசா கேக்கல. ஆனா, முடிக்கல."

இது அவளுக்கு இரண்டாவது முறை. பி.காம், பிறகு கோவையில் எம்.பி.ஏ ஃபைனான்ஸ். கல்லூரியில் எக்செல் என்றால் எல்லோரும் இவள் மேஜைக்குத்தான் வருவார்களாம். ரியல் எஸ்டேட் முதலீட்டு நிறுவனத்தில் அனலிஸ்ட் ஆக வேண்டும் என்பது ஆசை. முதல் நேர்காணலிலும் இதே கதைதான். இரண்டு மணி நேர மாடலிங் டெஸ்ட், நேரம் முடிந்தபோது கேட்ட விடை இருக்க வேண்டிய கட்டம் காலி. கல்விக்கடனுக்கு இரண்டு மாதத்தில் தவணை தொடங்குகிறது. அப்பா ஊரில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். 'நீ நிதானமா தேடும்மா' என்று அவர் சொல்வதுதான் இவளை அதிகம் அழவைக்கிறது.

இந்தப் பகுதியில் இதுவரை குழு விவாதம், ஆப்டிட்யூட், ஹெச்.ஆர் கேள்விகள் என்று எல்லோருக்கும் பொதுவானவற்றையே எழுதிவந்தேன். இந்த வாரம் கொஞ்சம் குறுகலான சந்துக்குள் போகிறோம். அடுத்த மூன்று வாரங்கள் ஒரே அறையில் நான் பார்த்தது இது. கணக்கு எனக்கு வராது. டிப்ளோமா படித்தது ஜர்னலிசம். எனக்கே புரிந்திருக்கிறது என்றால், உங்களுக்கு நிச்சயம் புரியும்.

மனை, பத்திரம் அல்ல!

ரியல் எஸ்டேட் என்றதும் நம் வீட்டில் மனை, வில்லங்கச் சான்று, புரோக்கர் கமிஷன்தான் நினைவுக்கு வரும். இது வேறு உலகம். அலுவலகக் கட்டடம், மால், கிடங்கு போன்றவற்றை வாங்கி, வாடகை வசூலித்து, சில வருடங்கள் கழித்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள், விலை மதிப்பிட்டுச் சொல்லும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் அபார்ட்மென்ட்டுக்குச் சென்னையிலோ, பெங்களூரிலோ உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தரும் அலுவலகங்களும் உண்டு. இதோடு 'ரீட்' எனப்படும் முதலீட்டு அறக்கட்டளைகள். 2019-ல் எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ்தான் நம் நாட்டில் பங்குச்சந்தைக்கு வந்த முதல் ரீட். அடுத்து 2020-ல் மைண்ட்ஸ்பேஸ், 2021-ல் புரூக்ஃபீல்டு இந்தியா, 2023-ல் நெக்ஸஸ் செலக்ட். போரூர் பக்கம் போகும்போது காமர்ஸோன் வளாகத்தைப் பார்த்திருப்பீர்களே... அது மைண்ட்ஸ்பேஸ் ரீட்டின் சொத்து.

இங்கெல்லாம் அனலிஸ்ட் வேலையின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். 'இந்தக் கட்டடத்தை இந்த விலைக்கு வாங்கலாமா?' அதற்குப் பதில் தேடும் எக்செல் கணக்குதான் மாடல். நேர்காணலில் கட்டடத்தைப் பற்றி இரண்டு, மூன்று பக்கத் தகவலும், வாடகைதாரர் பட்டியலும், காலி ஷீட்டும் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டுவிடுவார்கள். சில இடங்களில் ஒரு மணி நேரம், சில இடங்களில் மூன்று, நான்கு மணி நேரம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பி இரண்டு நாளில் கேட்பவர்களும் உண்டு. வேண்டுமென்றே தப்புகளைப் புதைத்துவைத்த ரெடிமேட் ஷீட்டைக் கொடுத்து, 'கண்டுபிடி' என்பவர்களும் உண்டு.

35 நிமிடம் பார்டர் போட்டாள்

அன்றிரவு அவளை உட்காரவைத்து, 'முதல் நிமிடத்திலிருந்து என்ன செய்தாய், வரிசையாகச் சொல்' என்றேன். நிருபர் புத்தி!

பதினான்கு வாடகைதாரர்கள். ஒவ்வொருவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வாடகை எப்போது ஏறுகிறது என்று அழகான அட்டவணை போட்டிருக்கிறாள். தலைப்புக்கு நிறம், கட்டங்களுக்கு பார்டர். அதற்கே 35 நிமிடம். பிறகு கடனுக்கு மாதவாரியாக 60 மாத அட்டவணை. அதில் ஒரு கூட்டல் தப்பாக வர, அதைத் துரத்திக்கொண்டு 40 நிமிடம். விற்பனை விலைக்கு வந்தபோது 15 நிமிடம்தான் பாக்கி. லாப விகிதம் போட வேண்டிய இடத்துக்குக் கை போவதற்குள் 'டைம் ஓவர்'.

அவள் செய்த ஒவ்வொரு துண்டும் சரி. ஆனால், வாங்கலாமா, வேண்டாமா என்று அந்த ஷீட் சொல்லவில்லை. வாசலில் தேக்குக் கதவும் பூஜை அறையில் மார்பிளும் போட்டுவிட்டு, கூரை போடாமல் விட்ட வீடு மாதிரி. நம் தேர்வுப் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வியை முழு மார்க்குக்கு எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று ஸ்கூலிலேயே பழக்கிவிடுகிறார்கள். இந்த டெஸ்ட்டில் அது காலை வாரிவிடும்.

ஒரு கட்டடம், பத்து வரி

இதே துறையில் ஏழெட்டு வருடங்களாக இருக்கும் அவளுடைய கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவர் போனில் சொன்ன வழி இது. "மொதல்ல பத்து வரியில ஒரு மாடல் போடும்மா. அது ஓடட்டும். அப்புறம் எவ்வளவு வேணா நகை மாட்டிக்க." அவர் சொன்ன உதாரணத்தை அப்படியே தருகிறேன். பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம் சதுர அடி அலுவலகக் கட்டடம். சதுர அடிக்கு மாத வாடகை 60 ரூபாய். வருடத்துக்கு 7.2 கோடி. 10 சதவிகிதம் இடம் காலியாக இருக்கும் என்று வைத்து 72 லட்சத்தைக் கழித்தால் 6.48 கோடி. சொத்து வரி, இன்ஷூரன்ஸ், பராமரிப்பு என்று உரிமையாளர் கைக்காசிலிருந்து போவது 48 லட்சம். மிச்சம் 6 கோடி. இதைத்தான் என்.ஓ.ஐ என்கிறார்கள், நிகர இயக்க வருமானம். கட்டடத்தின் விலை 75 கோடி. 6 கோடியை 75 கோடியால் வகுத்தால் 8 சதவிகிதம். அதுதான் கேப் ரேட்.

விலையில் 60 சதவிகிதம், அதாவது 45 கோடி கடன். வட்டி 9 சதவிகிதம், அசல் கடைசியில் கட்டினால் போதும். வருட வட்டி 4.05 கோடி. கைப்பணம் 30 கோடி. முதல் வருடம் வட்டி போகக் கையில் நிற்பது 1.95 கோடி. வட்டியைப்போல வருமானம் 1.48 மடங்கு இருக்கிறதா என்று கடன் கொடுப்பவர் பார்ப்பார். அதுதான் டி.எஸ்.சி.ஆர்.

என்.ஓ.ஐ வருடம் 5 சதவிகிதம் வளர்கிறது. ஐந்தாம் வருடக் கடைசியில் விற்கிறோம். வாங்குபவர் அடுத்து வரப்போகும் வருமானத்துக்குத்தானே விலை கொடுப்பார்? அதனால் ஆறாம் வருட என்.ஓ.ஐ-யான 7.66 கோடியை அதே 8 சதவிகிதத்தால் வகுத்தால் விற்பனை விலை 95.7 கோடி. கடன் 45 கோடியை அடைத்தால் 50.7 கோடி கைக்கு. போட்ட 30 கோடி, மொத்தம் 63.6 கோடியாகத் திரும்பியிருக்கிறது, 2.12 மடங்கு. வருடாந்தர லாப விகிதமான ஐ.ஆர்.ஆர் சுமார் 17.9 சதவிகிதம்.

இந்தப் பத்து வரியை அவள் எக்செல்லில் அடிக்க எடுத்துக்கொண்டது 22 நிமிடம். டெஸ்ட்டில் இரண்டு மணி நேரத்தில் வராத விடை!

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அடுத்ததுதான். விற்கும்போது கேப் ரேட்டை 8-க்குப் பதில் 9 என்று மாற்றிப் பாருங்கள். விலை 85 கோடியாக இறங்குகிறது, ஐ.ஆர்.ஆர் 13.5-க்கு வந்துவிடுகிறது. ஐந்து வருட வாடகை, செலவு, வட்டி எதையும் தொடவில்லை. ஒரே ஒரு எண்! பதினான்கு வாடகைதாரர்களின் அட்டவணையைச் செதுக்கிக்கொண்டிருந்த 35 நிமிடத்தில், விடையையே புரட்டிப்போடும் இந்த எண்ணைப் பற்றி அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மூன்று வாரத்தில் அவளுக்குப் பொருந்திய கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் மாறலாம். இரண்டு மணி நேர டெஸ்ட் என்றால், முதல் பத்து நிமிடம் கீபோர்டைத் தொடக் கூடாது. கேள்வித்தாளை இரண்டு முறை படித்து, கடைசியில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பேப்பரில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஐ.ஆர்.ஆர் மட்டுமா, வருட வாரியா, மாத வாரியா, சிறு குறிப்பும் கேட்கிறார்களா? அடுத்த கால் மணி நேரத்தில், கொடுத்த எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஏற வேண்டும். கையால் அடித்த எண் நீலத்திலும், ஃபார்முலா கறுப்பிலும் இருப்பது இந்தத் துறையின் வழக்கம். நிறம் போடுவதில் இது ஒன்றே போதும்.

70-வது நிமிடத்துக்குள் பத்து வரி மாடல் ஐ.ஆர்.ஆர் வரை ஓடிவிட வேண்டும். இதில் மட்டும் சமரசமே கிடையாது. அதற்குப் பிறகுதான் வாடகைதாரர் வாரியான விவரம், கடனின் அசல் தவணை, பங்குதாரர்கள் லாபத்தைப் படிப்படியாகப் பிரித்துக்கொள்ளும் 'வாட்டர்ஃபால்' எல்லாம். வாட்டர்ஃபால் என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் பதறி முதலில் அதில் போய் விழுகிறார்கள். மேலே தண்ணீரே இல்லாமல் அருவி எப்படி விழும்? கடைசி 20 நிமிடம் சரிபார்ப்புக்கும், 'வாங்கலாம், ஏனென்றால்...' என்று நாலு வரி எழுதுவதற்கும்.

சரிபார்க்க அந்த அண்ணன் சொன்னவை மூன்று. வளர்ச்சியைப் பூஜ்யமாக்கி, வாங்கும் கேப் ரேட்டையும் விற்கும் கேப் ரேட்டையும் ஒன்றாக்கினால், கடன் சேர்க்காத ஐ.ஆர்.ஆர் அந்த கேப் ரேட்டாகவே வர வேண்டும். நம் கணக்கில் 8. வளர்ச்சி 5 என்றால் 8-உம் 5-உம் சேர்ந்து 13. கடனைப் பூஜ்யமாக்கினால் கடனோடு வரும் ஐ.ஆர்.ஆரும், கடனில்லாமல் வருவதும் ஒன்றாகிவிட வேண்டும். இவற்றில் ஒன்று இடித்தாலும் எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது. மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சறுக்கும் இடங்கள்

தெரியாததால் அல்ல, அவசரத்தில் வரும் தப்புகள் இவை. வருட வட்டியை மாதக் கணக்கில் போட்டுவிடுவது முதல் ரகம். 50 லட்சம் வீட்டுக்கடன், 9 சதவிகிதம், 20 வருடம். இ.எம்.ஐ சுமார் 44,986 ரூபாய். பி.எம்.டி ஃபார்முலாவில் 9 சதவிகிதத்தை 12-ஆல் வகுக்க மறந்துவிட்டால் மாதம் நாலரை லட்சம் காட்டும். வீட்டில் இ.எம்.ஐ கட்டுகிறவர்களுக்கு உடனே சிரிப்பு வரும், ஆனால் 45 கோடிக் கடனில் அது கண்ணில் படாது.

ஐ.ஆர்.ஆர் ஃபார்முலாவுக்கு, முதலில் போட்ட பணம் மைனஸில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்செல் கையை விரித்துவிடும். என்.பி.வி ஃபார்முலா இன்னும் குசும்பு. நாம் கொடுக்கும் முதல் எண்ணே ஒரு வருடம் கழித்து வருவதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். அதனால் இன்று போடும் பணத்தை ஃபார்முலாவுக்கு வெளியே வைத்துத் தனியாகச் சேர்க்க வேண்டும். மாத ஐ.ஆர்.ஆர் 1 சதவிகிதம் வந்தால், வருடத்துக்கு 12 அல்ல, 12.68.

நம் ஊர் அலுவலக ஒப்பந்தங்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாடகை 15 சதவிகிதம் ஏறும் என்பது இங்கே பரவலான ஷரத்து. அதை 'வருடம் 5' என்று போட்டால் தப்பு. முதல் மூன்று வருடம் ஒரு ரூபாய் ஏறாது, நான்காம் வருடம் ஒரேயடியாகத் தாண்டும். சராசரியாகப் பார்த்தாலும் வருடத்துக்கு 4.77-தான் வரும். மேலே 5 என்று வைத்துக்கொண்டது பழகுவதற்கான எளிமை, அவ்வளவே.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் என் தோழிக்கு ஐந்து நிமிடம் போனது அதில். அவள் லேப்டாப்பில் எஃப்4 அழுத்தினால் ஃபார்முலாவில் செல்லைப் பூட்டும் டாலர் குறி வரும். டெஸ்ட் நடந்த அலுவலகத்தின் லேப்டாப்பில் எஃப்4 அழுத்தியதும் சத்தம் குறைந்ததாம்! கூடவே எஃப்என் பட்டனையும் அழுத்த வேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை. உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள். இரண்டாவது வேலை, ஃபைலுக்குப் பெயர் வைத்து சேவ் செய்வது.

அறையில் நடந்த பயிற்சி

தினமும் ஒரு டெஸ்ட், காலி ஷீட்டிலிருந்து. பழைய ஷீட்டைத் திறந்து எண்ணை மட்டும் மாற்றுவது பயிற்சி ஆகாது. டைமர் என் போனில். முதல் நாள் முழு மாடலுக்கு மூன்றேகால் மணி நேரம். ஒரு வாரத்தில் இரண்டு மணி பத்து நிமிடம். அங்கேயே நான்கு நாள் முட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மவுஸைப் பிடுங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்கத் திட்டினாள். இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு மணி நாற்பது.

கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ரீட்கள் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் முதலீட்டாளர் அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். எத்தனை சதுர அடி, எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வாடகை என்ன என்று வளாகம் வளாகமாக இருக்கும். செபியின் 2014 விதிகளின்படி, ரீட் தன் சொத்தில் 80 சதவிகிதமாவது, கட்டி முடித்து வருமானம் தரும் இடங்களில் வைத்திருக்க வேண்டும். அதனால் அந்த எண்களில் பெரும்பகுதி நிஜ வாடகை. அமெரிக்கக் கட்டடங்களுக்கு 'அட்வென்ச்சர்ஸ் இன் சி.ஆர்.இ' தளத்தில் எக்செல் மாதிரிகள் நிறையக் கிடைக்கின்றன. அங்கே சதுர அடிக்கு வருட வாடகை சொல்வது வழக்கம், இங்கே மாத வாடகை. மாற்றிப்போட்டால் கட்டடம் ஒரே நாளில் பன்னிரண்டு மடங்கு லாபம் தரும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்த வீட்டின் மாடிப் போர்ஷனையே மாடலாகப் போட்டாள். அவள் அப்பாவிடம் போனில் கேட்டு எண்களை வாங்கினாள். "வாடகை ஒம்பதாயிரம், ரெண்டு மாசம் ஆள் இல்லாம கெடந்துச்சு, மோட்டார் ரிப்பேர் நாலாயிரம். எதுக்கும்மா?" என்றார். கணக்கு போட்டுப் பார்த்தால், வீட்டின் மதிப்பில் வருமானம் இரண்டரை சதவிகிதத்தைத் தொடவில்லை. நம் ஊர் வீடுகளில் இது சகஜம்தான். அதை அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. ஆனால் 'காலியிடம்', 'பராமரிப்பு' என்ற வரிகளை அதற்குப் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

ஏ.ஐ-யிடம் கேட்டால் போட்டுத் தராதா என்று நானும் கேட்டேன். பயிற்சியில் தப்பு கண்டுபிடிக்க அவளே பயன்படுத்தினாள். டெஸ்ட்டில் அனுமதி உண்டா என்பதை அந்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அனுமதியே இருந்தாலும், அடுத்த அறையில் ஒருவர் உங்கள் ஷீட்டைத் திறந்துவைத்துக்கொண்டு 'இந்த எண் ஏன்?' என்று கேட்பார். அங்கே நீங்கள் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

'எட்டரை ஏன்?'

மூன்றாவது டெஸ்ட், வேறொரு நிறுவனம், மீண்டும் இரண்டு மணி நேரம். 64-வது நிமிடத்தில் விடை வந்துவிட்டதாம். கடனின் மாத அட்டவணையை முடிக்கவில்லை. 'நேரமின்மையால் வருடக் கணக்கில் போட்டிருக்கிறேன், மாதக் கணக்கில் வட்டி சற்று மாறும்' என்று ஷீட்டிலேயே ஒரு வரி எழுதிவிட்டாள். வாட்டர்ஃபாலில் ஒரு படி பாக்கி. அதையும் எழுதிவிட்டாள்.

பிறகு உள்ளே அழைத்திருக்கிறார்கள். "8-க்கு வாங்கறீங்க. விக்கும்போது ஏன் எட்டரை போட்டீங்க?"

"கட்டடத்துக்கு அஞ்சு வயசு கூடியிருக்கும் சார். ரெண்டு பெரிய வாடகைதாரர்களோட ஒப்பந்தம் ஆறாவது வருஷத்துல முடியுது. புதுசா வாங்கறவர் அதைப் பார்ப்பார். 8-னு போட்டா லாபம் நல்லாத் தெரியும், ஆனா அதுக்கு என்கிட்ட காரணம் இல்ல. 9 போட்டா என்ன ஆகும்னு கீழ ஒரு டேபிள் இருக்கு."

அவர் ஸ்க்ரோல் செய்து அந்த டேபிளைப் பார்த்தாராம். முடியாத கடன் அட்டவணையைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம்.

ஒன்பது நாள் கழித்து மெயில் வந்தது. போஸ்டிங் பெங்களூரு. முதல் மாதச் சம்பளம் வருவதற்குள் கல்விக்கடனின் முதல் தவணை வந்துவிடும், அதை நான் தருவதாகப் பேச்சு. வட்டி உண்டா என்று கேட்கிறாள். மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன ஞாயிறு பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டாள். மூன்று பேர் இருந்த அறையில் இப்போது ஒரு கட்டில் காலி. காலியிட விகிதம் 33 சதவிகிதம். வேளச்சேரிப் பக்கம் ரூம் தேடும் தோழிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.